பெறுநர்

பெட்டி என்னிடம் வந்ததற்குக் காரணம் பாசமில்லை.
ஓமலூர் சப்-ரிஜிஸ்தர் ஆபீசில் இருபத்தாறு வருஷம்
புள்ளி வைக்காத எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.
"நம்ம வீட்டுக் காகிதம்தானே, ஒரு லிஸ்ட் போட்டுக் கொடும்மா"
என்றார் கணவரின் அண்ணன், அஸ்தம்பட்டியிலிருந்து.
ஏற்காட்டில் அரை ஏக்கராவது தேறும் என்று
அவருக்கு ஒரு கணக்கு.

நீள நோட்டில் ஆறு கட்டம் போட்டேன்.
எண், தேதி, அனுப்புநர், பெறுநர், பக்கம், நிலை.

1. 1871௵ சூலை௴.
ஆ. சாலொமோன், எஸ்டேட் ரைட்டர், சேர்வராயன் மலை.
தங்கை நேசம்மாளுக்கு, செவ்வாய்ப்பேட்டை.
இரண்டு பக்கம்.
ஓரத்தில் கறையான், நடுவில் விளக்கெண்ணெய்.

நாற்பத்தொன்றும் அவர் எழுதியவை.
நாற்பத்தொரு தரம் பெறுநர் கட்டத்தில்
நேசம்மாள், நேசம்மாள் என்று எழுதிக்
கை பழகிவிட்டது, என் பெயரைப்போல.
அவள் எழுதியது ஒன்றுகூட இல்லை.
மடித்துக் கட்டி, வேப்பிலை போட்டு,
ஒவ்வொரு மழைக்கும் பரண் மாற்றிவைத்தவள்
தன் பெட்டிக்குள் இல்லை.

டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேச
மறுமுனையை நாம் ஊகிப்போமே,
அப்படித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நீ கேட்ட ஆட்டுக்கு விலை அதிகம்."
"அட்டைக்கடிக்கு நீ சொன்னபடி புகையிலையும் சுண்ணாம்பும் வைத்தேன்.
எரிகிறது. இனி யாருக்கும் சொல்லாதே."
"மைப்பொடி தீர்ந்ததென்றாய். இவ்வளவு எழுதினால் தீராதா?"
"நீ கேட்டதற்கு வேதத்தில் ஆதாரமில்லை.
இரண்டாந்தரம் கேட்க வேண்டாம்."

என்ன கேட்டாள்?
அந்த ஒரு வரியோடு
ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.
குழம்பு அடிபிடித்தது.

22. 1877௵ மார்ச்சு௴.
"தாது வருஷம் முடிகிறது, பஞ்சம் முடிகிற வழியில்லை.
கீழிருந்து ஜனம் ஏறிவந்தபடி இருக்கிறது.
காப்பிக்கு நிழல் மரம் வைத்தோமே,
அதன் தழையைத் தின்கிறார்கள்.
பதினெட்டுப் பேரைப் பேர்ப்பதிவில் ஏற்றினேன்.
துரை போதுமென்றார்.
எனக்கும் போதுமென்றே பட்டது."

23. பதினோரு நாள் கழித்து.
கையெழுத்து இவருடையதுதானா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
"உன் காகிதம் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
இன்றைக்கு முப்பத்தொரு பேரை ஏற்றினேன்.
எப்படியென்று கேட்காதே.
நீ எழுதினதை அடுப்பில் போட்டேன்.
வேறு கண்ணில் படத்தக்கதல்ல அது."

அவ்வளவுதான்.
அடுத்ததில் புளி அனுப்பச் சொல்கிறார்,
நல்லெண்ணெய் கேட்கிறார்,
துரையின் நாய் செத்ததைச் சொல்கிறார்.

இருபத்துமூன்றைத் திருப்பினேன்.
பின்பக்கம் கரிக்கோடுகள்.
அழுக்கென்று துடைக்கப்போன விரலை நிறுத்திக்கொண்டேன்.
பதினெட்டு. கொஞ்சம் தள்ளி முப்பத்தொன்று.
இன்னும் தள்ளி, காகிதத்தின் ஓரமாக,
ஒன்றே ஒன்று.

அது யாரென்று தெரியவில்லை.
செவ்வாய்ப்பேட்டையில் அவள் கதவைத் தட்டியவரோ,
அவளேயோ,
கரி தீர்கிறதா என்று இழுத்துப் பார்த்ததோ.

அண்ணன் போன் பண்ணினார்.
"பட்டா ஏதாவது?"
"இல்லை."
"கிரயம்? அடமானம்? ஒரு ரசீதாவது?"
"கோடு இருக்கிறது" என்றேன்.
எந்தக் கோடு, எல்லைக் கோடா என்றார்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்துவிட்டேன்.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவில்
இடமில்லாத இடத்தில், பொடி எழுத்தில்,
ஆபீசில் விட்டுப்போன பத்திரத்தை ஏற்றுவதுபோல:

22-அ. மார்ச்சு, தேதி தெரியவில்லை.
அனுப்புநர்: நேசம்மாள்.
அந்தக் கட்டத்தில் அவள் பெயரை எழுதும்போது
பேனா ஒரு தரம் தயங்கியது.
பெறுநர்: சாலொமோன்.
பக்கம்: தெரியாது.
நிலை: போய்ச் சேர்ந்தது.

வந்து எண்ணிப் பார்த்தார் அண்ணன்.
எச்சில் தொட்டு, இரண்டு தரம்.
"லிஸ்ட்டில் நாற்பத்திரண்டு,
கையில் நாற்பத்தொன்றுதானே இருக்கிறது?"

இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும்
நான் எண்ணிக்கை தப்பியதில்லை என்றேன்.